எதிரெதிர் பெஞ்சுகள்

ஹவுரா ஸ்டேஷன் வாசலில் நின்ற டாக்ஸிக்காரர்கள் யாருக்கும் நான் போகவேண்டிய இடம் பிடிக்கவில்லை. "லேக் மார்க்கெட்" என்றதும் ஒருவர் வானத்தைப் பார்த்தார். ஒருவர் பீடி பற்றவைத்தார். இன்னொருவர் "ஜாபோ நா" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வரமாட்டேன் என்று அர்த்தம். சென்னை ஆட்டோக்காரர் வர மறுத்தால்கூட நம்மோடு நின்று கொஞ்சம் வம்பளப்பார். இங்கே அந்த ஒரு வார்த்தையோடு சரி.

மழை தூறிக்கொண்டிருந்தது. அக்குளில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய வரைபடச் சுருள். கடைசியில் ஒரு வயதான சர்தார்ஜி அதைப் பார்த்து, "படமா?" என்று கேட்டார். "சர்ச்சுக்கு உள்ளே போடப்போகிற பெஞ்சுகளின் படம்" என்று தெரிந்த இந்தியில் சொன்னேன். சாமி காரியம் என்று கதவைத் திறந்துவிட்டார். பாலத்தின் நடுவில் வண்டி நின்றுபோனது. அவர் இறங்கி பானெட்டைத் தட்டிக்கொண்டிருக்க, நான் உட்கார்ந்தபடியே ஹூக்ளியைப் பார்த்தேன். கலங்கிய பெரிய நதி. அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. சென்னையில் கடைகளுக்கும் வீடுகளுக்கும் உள் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தேன். ஓர் ஆஸ்பத்திரியில் சின்னதாக ஒரு ஜெப அறை வடிவமைத்துக் கொடுத்திருந்தேன். உறவினரைப் பார்க்க அங்கே வந்த ஒரு பாஸ்டர், அந்த அறையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு என் விலாசத்தை விசாரித்து வாங்கிப் போனார். கல்கத்தாவில் உள்ள ஒரு தமிழ்ச் சபைக்கு அவர் பாஸ்டர். பிறகு ஒருநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினார். "எங்க கோயிலையும் வந்து பாருங்க மேடம். உள்ளே எல்லாத்தையும் மாத்தணும்." திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் இந்து. எந்தக் கோயில் என்று கேட்டுவிட்டேன். அவர் சத்தமாகச் சிரித்தார்.

நான் தங்க ஏற்பாடாகியிருந்தது எஸ்தர் டீச்சர் வீட்டில். ஒரு பழைய வீட்டின் மாடி. பச்சை மரச் சன்னல்கள். டீச்சருக்கு அறுபதைத் தாண்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, அம்மாவோடு வாழ்ந்த வீட்டில் தனியாக இருந்தார். என்னைப் பார்த்ததும் சொன்ன முதல் வார்த்தை, "நனைஞ்ச கோழியாட்டம் நிக்காத பிள்ள, தலைய தொவட்டு." அடுத்தது, "கருவாடு தின்பியா?"

மறுநாள் காலை அவரோடு லேக் மார்க்கெட்டுக்குப் போனேன். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், காபித்தூள், அப்பளம் எல்லாம் கிடைத்தது. மயிலாப்பூரில் பாதி இங்கே வந்திருக்கிறதோ என்று நினைத்தேன். டீச்சர் வங்காளத்தில் பேரம் பேசினார். சொல்தான் வங்காளம், ராகம் நெல்லை. கடைக்காரர் முணுமுணுத்தது எனக்குப் புரியவில்லை. டீச்சரே மொழிபெயர்த்தார். "இந்தச் சித்திக்குக் கருவேப்பிலையும் குடுத்து, கடையையும் எழுதிக் குடுக்கணும்போலன்னு சொல்லுதான்." சொல்லிவிட்டு இன்னொரு கொத்தை எடுத்துக்கொண்டார்.

சர்ச் டிராம் ஓடும் சாலையில் இருந்தது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடமாக இருந்த ஒடுங்கலான, நீளமான மண்டபம். ஒரு கோடியில் சாலையைப் பார்த்த பெரிய கதவு. மறுகோடியில் பிரசங்க மேடை. அதன் பக்கத்தில் சந்துக்குள் திறக்கும் சிறு கதவு. இடையில் ரயில்பெட்டி போல வரிசை வரிசையாகப் பெஞ்சுகள். பெண்கள் இடது பக்கம், ஆண்கள் வலது பக்கம். பின்னால் உட்கார்ந்தால் டிராம் மணிதான் கேட்கும், பிரசங்கம் கேட்காது.

பாஸ்டர் அனுப்பியிருந்த அளவுகளை வைத்து நான் மூன்று வரைபடங்கள் கொண்டுபோயிருந்தேன். முதலாவது, மேடையை உயர்த்தி எல்லாவற்றையும் அழகாக்குவது. இரண்டாவது, கதவை மாற்றி மண்டபத்தைத் திருப்புவது. மூன்றாவது வெறும் எண்ணிக்கைக்காகப் போட்டது. அதில் பிரசங்க மேடையை நீளச் சுவரின் நடுவுக்குக் கொண்டுவந்து, அதற்கு முன்னால் மண்டபத்தின் மையத்தில் திருவிருந்து மேசையை வைத்திருந்தேன். அப்பமும் திராட்சை ரசமும் வைத்துக் கொடுக்கிற மேசை. அதன் இரண்டு பக்கமும் பெஞ்சுகளை ஒன்றையொன்று பார்த்தபடி போட்டிருந்தேன். யாரும் மேடைக்குத் தூரமில்லை. இங்கிலாந்துப் புத்தகம் ஒன்றில் பார்த்தது. தமிழ்ச் சபை எதுவும் இதை ஒப்புக்கொள்ளாது என்று நினைத்திருந்தேன்.

பாஸ்டர் முதல் இரண்டையும் மரியாதைக்குப் பார்த்தார். மூன்றாவதின் மேல் விரலை வைத்தவர் எடுக்கவேயில்லை. "இதுதான் மேடம்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையாரைக் கூட்டினார். எதிர்ப்பு உடனே வந்தது. "கோயில்ல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டா உக்காருவாங்க?" என்றார் ஒரு பெரியவர். இன்னொருவர் எழுந்து, "எதுத்தாப்ல பொம்பளைங்க இருந்தா நாங்க கண்ண எங்கன வச்சிக்கிட?" என்று கேட்க, பெண்கள் பக்கம் சிரிப்பு. பாஸ்டர் தயாராக வந்திருந்தார். இரண்டு பக்கமும் முன் பெஞ்சுகளில் பெண்கள், பின் பெஞ்சுகளில் ஆண்கள். பெண்களுக்கு எதிரே பெண்களே இருப்பார்கள். "நம்ம குரலை நாமளே கேக்கலாம். வருஷக்கணக்கா ஒருத்தர் முதுகை ஒருத்தர் பாத்துப் பாடுறோம்" என்றார்.

வீடு திரும்பும்போது எஸ்தர் டீச்சரிடம் வரைபடத்தில் அவருடைய இடத்தைக் காட்டினேன். அதுவரை முதல் பெஞ்சில், சந்துக் கதவை ஒட்டி உட்கார்ந்து பழகியவர். ஆராதனை முடிந்ததும் அந்தக் கதவு வழியாகவே போய்விடுவார். "யாரு எங்கன உக்காந்தா என்ன பிள்ள, பாட்டுப் புஸ்தகத்தைத்தான பாக்கப்போறோம்" என்று குடையை விரித்தார்.

வேலை ஆரம்பித்தபோதுதான் கல்கத்தாவில் துர்கா பூஜைக்கு முந்தைய வாரங்கள் என்றால் என்னவென்று தெரிந்தது. ஊரில் இருக்கிற மூங்கில், கயிறு, துணி, தச்சர் அனைத்தும் பந்தலுக்குப் போய்விடுகின்றன. எங்களுக்குக் கிடைத்த ஷ்யாமல் மிஸ்திரி, ஒரு பெஞ்சைக் கழற்றுவார். தன் பேட்டையில் பந்தல் எப்படி எழும்புகிறது என்று பார்த்துவர ஓடுவார். கேட்டால், "துர்கா அம்மா வருடத்துக்கு ஒருமுறை வருகிறாள் தீதி. உங்கள் ஏசு வாராவாரம் வருகிறாரே" என்பார். எனக்குச் சென்னையில் ஆடி மாதம் ஆளே கிடைக்காமல் அலைந்த நாட்கள் ஞாபகம் வந்தன.

மேசை விரிப்புக்கும் திரைக்கும் துணி வாங்க கரியாஹாட் போன அன்று பெருமழை. டிராம் பாதி வழியில் நின்றுவிட்டது. உள்ளே யாரும் பதறவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள் ஹில்சா மீனை வறுத்தால் நல்லதா, கடுகு அரைத்துவிட்டால் நல்லதா என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் படிக்கட்டைத் தொட்டபோது ஒருத்தி, "சரி, கடுகுதான்" என்று விட்டுக்கொடுத்துவிட்டு இறங்கினாள். நான் துணிச் சுருளைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்தேன்.

சர்ச்சுக்கு வந்து சேர்ந்தபோது ஓர் அம்மா டிபன் கேரியரோடு காத்திருந்தார். உருண்டையான முகம், கணீரென்ற குரல். பாஸ்டர் அறிமுகப்படுத்தினார். "சுகிர்தம் அக்கா. நர்ஸா இருந்து ரிடையர் ஆனவங்க. பெஹாலாவுல வீடு." அவர் என் காலில் சேற்றைப் பார்த்து, "மொதல்ல டெட்டால் போட்டுக் கழுவு. கல்கத்தா தண்ணியில எல்லாம் கெடக்கும்" என்றார். அன்றிலிருந்து மதியச் சாப்பாடு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது, "எங்கன தங்கியிருக்க?" என்று கேட்டார்.

"எஸ்தர் டீச்சர் வீட்டுல."

கேரியர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடி துடைத்தது. மறுநாள் கேரியரில் ஓர் அடுக்கு கூடியிருந்தது. "மிஞ்சுனா வீட்டுக்குக் கொண்டு போ. வீணாக்காத" என்றார். முழு அடுக்கும் மீன் குழம்பு. அதை ஒரு ஆள் சாப்பிட்டு மிஞ்சாமல் இருக்க வழியே இல்லை.

சாயங்காலம் டீச்சர் வீட்டில் அந்தக் குழம்பைச் சூடாக்கி வைத்தேன். டீச்சர் ஒரு வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

"யாரு வச்சது இது?"

"சுகிர்தம் அக்கா குடுத்தாங்க டீச்சர்."

தட்டைத் தள்ளிவிடுவார் என்று பயந்தேன். தள்ளவில்லை. கடைசிச் சோறுவரை வழித்துச் சாப்பிட்டார். கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகுதான் பேசினார்.

"புளி ஊத்தல, மாங்கா போட்டிருக்கா. எங்கம்மா இப்படித்தான் வைக்கும். சுகிர்தம் என் கூடப்பெறந்த தங்கச்சி."

ஒரே சபை, ஒரே மண்டபம். ஆனால் இருவரும் பேசி நான் பார்த்ததேயில்லை.

டீச்சர் சொன்னது இதுதான். அம்மா இந்த வீட்டில் இறந்தபோது சுகிர்தம் அஸ்ஸாமில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தார். தந்தி போயிற்று. புறப்பட்டுவிட்டேன் என்று பதிலும் வந்தது. நடுவழியில் வெள்ளம், ரயில் நின்றுவிட்டது. இங்கே மே மாத வெக்கை. ஐஸ் கட்டிகளை வாங்கி அடுக்கினார்கள், உருகிக்கொண்டே இருந்தது. காத்திருந்து பார்த்துவிட்டு, மறுநாள் உச்சிவெயிலுக்கு முன் அடக்கம் செய்துவிட்டார்கள். சாயங்காலம் சுகிர்தம் டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றார். "அம்மா மொகத்தக் காட்டாத நீ எனக்கு அக்கா இல்ல" என்று படியிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிப் போனவர்தான். பிற்பாடு கல்கத்தாவுக்கே குடிவந்து இதே சபையில் சேர்ந்தும் ஒரு வார்த்தை கிடையாது.

"இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்கக் கூடாதான்னு எல்லாரும் கேட்டாங்க" என்றார் டீச்சர். "வாடை வர ஆரம்பிச்சிட்டு பிள்ள. மொகமும் மாறிட்டு. அம்மாவ அந்தக் கோலத்துல அவ பாக்கக் கூடாதுன்னுதான் பெட்டிய மூடச் சொன்னேன். நான் பாத்தது போதும்."

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அம்மா நாறுச்சின்னு எந்த வாயால சொல்ல?"

மறுநாள் பாஸ்டரைச் சர்ச் வாசல் டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். மண்குவளையைக் கையில் வாங்கிக்கொண்டதும் கேட்டேன். "அவங்க ரெண்டு பேருக்காகத்தானே மூணாவது பிளானை எடுத்தீங்க?"

அவர் மறுக்கவில்லை. "சத்தம் கேக்கலைங்கறதும் நெசந்தான் மேடம். ஆனா பாருங்க, அக்கா முதல் பெஞ்சு, தங்கச்சி கடைசிப் பெஞ்சு. அவங்க இந்தக் கதவு வழியா போவாங்க, இவங்க அந்தக் கதவு வழியா போவாங்க. இந்தக் கட்டடமே அவங்க சண்டைக்குத் தோதா அமைஞ்சிருக்கு. நான் பேசிப் பாத்துட்டேன், கண்டிச்சுப் பாத்துட்டேன். எதிரெதிர உக்காந்து ஒருத்தர் மொகத்தை ஒருத்தர் பாத்தா..." டீயை ஊதினார்.

டீச்சர் அந்தத் தட்டை வழித்துச் சாப்பிட்டதை நான் பார்த்திருந்தேன். இருவரும் பேசிவிட மாட்டார்களா என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஷ்யாமல் மிஸ்திரியை விரட்டி வேலை வாங்கினேன். மேசைக்கு மேலே தொங்கும் விளக்கை நானே ஏறி நின்று சரிபார்த்தேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எதிரே இருப்பவர் முகத்தில் நிழல் விழக்கூடாது என்று.

புதிய அமைப்பில் முதல் ஆராதனை. வெள்ளைச் சுவர், தேக்கு மெருகு, வெயில். பிரசங்கம் கடைசி ஆள்வரை கேட்டது. சுகிர்தம் அக்கா முன்னதாகவே வந்து, நீலக் கரைப் புடவையில் வலப்பக்க முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டரின் எண்ணம் அவருக்குப் புரிந்திருந்தது என்று தோன்றியது. எஸ்தர் டீச்சர் சந்துக் கதவு வழியாக வந்து இடப்பக்க முன் பெஞ்சில் அமர்ந்தார். நேர் எதிரே. நடுவில் மேசை மட்டும்.

முதல் பாட்டு முழுக்க டீச்சர் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டாம் பாட்டு அவருக்கு மனப்பாடமான பாட்டாக இருந்திருக்க வேண்டும். ஏதோ ஒரு அடியில் தலை நிமிர்ந்தது. அப்படியே நின்றது. உதடு அசையவில்லை. சுற்றிலும் எல்லாரும் பாடிக்கொண்டிருக்க, அவர் மட்டும் எதிர் பெஞ்சைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். சுகிர்தம் அக்கா லேசாகச் சிரிக்க முயன்றார் என்றுதான் நினைக்கிறேன்.

திருவிருந்து நேரம் வந்தது. இரு பக்கத்திலிருந்தும் வந்து மேசையைச் சுற்றி முழங்காலிட வேண்டும். சுகிர்தம் அக்கா எழுந்து வந்து, பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு முழங்காலிட்டார். அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. டீச்சர் எழுந்தார். புத்தகத்தை மூடிப் பையில் வைத்தார். சந்துக் கதவைத் திறந்து வெளியே போய்விட்டார். சுகிர்தம் அக்கா ஏந்திய கையோடு அப்படியே இருந்தார். பாஸ்டர் அப்பத்தை அந்தக் கையில் வைக்க மறந்து நின்றார்.

நான் ஓடினேன். டிராம் நிறுத்தத்தில் டீச்சர் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"அவ இல்ல பிள்ள அது" என்றார். "எங்கம்மா. சாகும்போது என்ன வயசோ அந்த வயசு இப்பம் அவளுக்கு. அதே மொகம், அதே ஒதடு. வாராவாரம் எங்கம்மா எதுத்தாப்ல உக்காந்து என்னயப் பாத்துட்டிருந்தா நான் எப்படி ஜெபம் பண்ண?"

டிராமில் ஏறிய பிறகு அவரே என் கையைத் தட்டினார். "நீ நல்லாத்தான் செஞ்சிருக்க. சத்தம் நல்லா கேக்கு."

பெஞ்சுகளைப் பழையபடி திருப்பிவிடலாம், மிஸ்திரி இருக்கும்போதே சொல்லுங்கள் என்று பாஸ்டரிடம் கெஞ்சினேன். "கொஞ்ச நாள் பாப்போம் மேடம். பழகிடுவாங்க" என்றார். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் திருப்ப மனம் வரவில்லை. நான் ஊர் திரும்பும் நாளில் டீச்சர் வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். சர்ச் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அதன்பின் டீச்சர் தன் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வங்காளிச் சபைக்குப் போவதாகவும், தமிழ்க் கோயிலுக்கு வரவேயில்லை என்றும் பாஸ்டர் ஒருமுறை போனில் சொன்னார். பிறகு அவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

பல வருஷம் கழித்து, நியூ டவுனில் ஒரு கணினிக் கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தை வடிவமைக்க மறுபடி கல்கத்தா போனேன். விமான நிலையத்திலிருந்து அகலமான புதுச் சாலை. இருபுறமும் பாதி எழும்பிய அடுக்குமாடிகள், நடுவில் மேயும் மாடுகள். நம் பழைய மகாபலிபுரம் சாலையைத் தூக்கிக்கொண்டுவந்து வைத்தது போலிருந்தது. வேலை முடிந்த சனிக்கிழமை, லேக் மார்க்கெட் வீட்டுக்குப் போனேன். பச்சைச் சன்னல்களை எடுத்துவிட்டுக் கண்ணாடி போட்டிருந்தார்கள். கீழ்வீட்டுப் பெண், டீச்சர் இறந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது என்றாள்.

அங்கிருந்து பெஹாலா. சுகிர்தம் அக்கா மெலிந்திருந்தார், குரல் மட்டும் அப்படியே. என்னை அடையாளம் கண்டு, உட்காரவைத்து, சாப்பிடச் சொல்லிவிட்டு அவராகவே ஆரம்பித்தார்.

"அக்கா போன அன்னைக்கு ஊரே பந்த். பஸ் இல்ல, டாக்ஸி இல்ல. நடந்தேதான் போனேன். அந்தியாயிட்டு. எல்லாம் முடிஞ்சிருக்கும்னு நெனச்சேன். பெட்டி தொறந்தே கெடக்கு. கீழ்வீட்டுப் பொண்ணுகிட்ட அக்கா முன்னாடியே சொல்லி வச்சிருக்கா. சுகிர்தம் வந்து பாக்காம மூடக் கூடாதுன்னு."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கு முந்தி எத்தனை வருஷம் கோயில்ல அவ முதுகையே பாத்திட்டிருந்தேன் தெரியுமா? கொண்டையில நரை ஏறுனது, தோளு கூனுனது எல்லாம் பின்னால இருந்தே பாத்தேன். அதாச்சும் இருந்துச்சி. நீங்க பெஞ்ச மாத்துன பெறவு அதுவும் இல்ல."

குற்றம் சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. டீச்சர் என்னிடம் சொன்னதை அப்போதுதான் சொன்னேன். இனி மறைத்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. ஏன் காத்திருக்கவில்லை, ஏன் பெட்டியை மூடச் சொன்னார், அதை ஏன் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போனது என்று எல்லாவற்றையும்.

வெளியே பிளாஸ்டிக் குடம் விற்கிறவன் கூவிக்கொண்டு போனான்.

"நான் நர்சு பிள்ள" என்றார் கடைசியில். "எத்தனை பொணத்த இந்தக் கையால கழுவி வெள்ளத்துணி சுத்தியிருக்கேன். எனக்கா வாடை? எங்கம்மா எந்தக் கோலத்துல இருந்தாலும் நான் பாத்திருப்பேன். அக்கா தனியா பாத்திருக்கா. அவதான் பயந்த பிள்ள. சின்னதுலருந்தே ஒரு பல்லி செத்துக் கெடந்தாகூட என்னயத்தான் கூப்பிடுவா."